கேவண்டிஷ்கள் அனைவரும் ஒரே குடும்பமா?

கேள்வி: பொது அறிவு நூலொன்றுக்குப் பெயரடைவு தயாரிக்கிறேன். கேவண்டிஷ் என்ற பெயரில் வருவோர் அனைவரையும் ஒரே குடும்பமாகக் காட்டலாமா? கேவண்டிஷ் ஆய்வகத்தை நிறுவியவர் வேதியியலாளர் கேவண்டிஷ்தானா?

பதில்: அவர் நிறுவவில்லை. ஹைட்ரஜனைத் தனி வாயுவாக 1766-இல் விவரித்த ஹென்றி கேவண்டிஷ் 1810-இலேயே மறைந்துவிட்டார். கேம்பிரிட்ஜில் 1874-இல் திறக்கப்பட்ட அந்த ஆய்வகத்துக்குப் பணம் தந்தவர், பல்கலைக்கழக வேந்தராக இருந்த ஏழாம் டெவன்ஷயர் கோமகன் (டியூக்) வில்லியம் கேவண்டிஷ். எனினும் இருவரும் ஒரே குலத்தவர். ஹென்றி இரண்டாம் கோமகனின் பேரன். ஆய்வகத்தின் முதல் பேராசிரியரான மேக்ஸ்வெல்லே ஹென்றியின் வெளிவராத மின்னியல் ஆய்வுகளை 1879-இல் பதிப்பித்தார் என்பதால், இருவரையும் ஒருவராக எண்ணிவிடுவது எளிது.

உங்களுக்கு உண்மையான தொல்லை வில்லியம்களால்தான் வரும். டெவன்ஷயர் கோமகன்களில் முதல் எழுவருக்கும் அதே பெயர். “கேவண்டிஷ், வில்லியம்” என்று மட்டும் அச்சிட்டால், 1756-57-இல் பிரதமராக இருந்த நான்காமவரா, நம் சந்தையில் விற்கும் ஜி-9 அடங்கிய வாழை வகைக்குத் தம் குலப்பெயரைத் தந்த ஆறாமவரா, ஆய்வகம் கண்ட ஏழாமவரா என்று வாசகருக்கு விளங்காது. எனவே பட்டம், வரிசை எண், வாழ்ந்த ஆண்டுகள் ஆகிய மூன்றையும் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டங்கள் குடும்பப் பெயரை மறைத்துவிடுவதும் உண்டு. கோமகனின் மூத்த மகன் தந்தையின் துணைப்பட்டத்தால் அழைக்கப்படுவார். இளைய மகன்களோ குடும்பப் பெயரை விடாமல் ‘பிரபு’ என்பதை மட்டும் சேர்த்துக்கொள்வர். அதனால்தான் அரசியல்வாதி ஹார்ட்டிங்டன் பிரபுவும், 1882-இல் டப்ளின் பீனிக்ஸ் பூங்காவில் கொல்லப்பட்ட ஃபிரெடரிக் கேவண்டிஷ் பிரபுவும் உடன்பிறந்தவர்கள் என்பது அடைவைப் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு 1667-இல் வருகை தந்த எழுத்தாளர் மார்கரெட் கேவண்டிஷ், பிறப்பால் லூகஸ் குடும்பத்தவர். அவர் கணவரான நியூகாசில் கோமகன் இக்குலத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்தவர். வேலூர்ப் புரட்சியின்போது சென்னை ஆளுநராக இருந்த பெண்டிங் பிரபுவின் முழுக் குடும்பப் பெயர் கேவண்டிஷ்-பெண்டிங். அவருடைய தாய் நான்காம் டெவன்ஷயர் கோமகனின் மகள். தமிழ் வாசகர் ‘பெண்டிங்’ என்றே தேடுவார் என்பதால், முதன்மைப் பதிவை அங்கு வைத்து, இங்கு ஒரு சுட்டு கொடுத்தால் போதும்.

டூர் டி ஃபிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தில் 35 கட்டங்களை வென்ற மேன் தீவின் மார்க் கேவண்டிஷை, பெயர்ப் பொருத்தத்தை மட்டும் நம்பி இவ்வரிசையில் சேர்க்காமல், தனிப் பதிவாகவே வையுங்கள்.