மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு: வயர்லெஸ் இணைப்பு பற்றி வாசகர்கள் கேட்டவை

கேள்வி: மடிப்பாக்கத்தில் எங்கள் அச்சகம், தரைத்தளமும் ஒரு மாடியும். டிசைன் ஆபீஸ் வேளச்சேரியில், நான்கு மாடிக் கட்டடத்தில். நேர்க்கோட்டில் 3 கிலோமீட்டர் இருக்கும். பெரிய ஃபைல்களை பென் டிரைவில் போட்டு பைக்கில்தான் அனுப்புகிறோம். இரண்டு பக்கமும் வைஃபை ரவுட்டரில் பெரிய ஆன்டெனா மாட்டினால் போதும் என்கிறார் ஒரு கடைக்காரர். நம்பலாமா?

பதில்: அந்த ரவுட்டரை வாங்காதீர்கள். வீட்டு ரவுட்டர் ஒவ்வொரு தகவல் துண்டை அனுப்பியதும் "வந்து சேர்ந்தது" என்று பதில் வருகிறதா என மிகக் குறைந்த நேரமே காத்திருக்கும். 3 கிலோமீட்டர் போய்த் திரும்ப ரேடியோ அலைக்கு 20 மைக்ரோ நொடி ஆகிறது. தூரத்துக்கேற்ப அந்த நேரத்தை நீட்டிக்கொள்ளத் தெரியாத ரவுட்டர், பதில் வரவில்லை என்று நினைத்து அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பும். ரவுட்டர் அறைக்குள்ளேயும் ஆன்டெனா மாடியிலும் இருந்தால் நடுவில் ஓடும் கேபிளே சிக்னலில் பெரும் பங்கைத் தின்றுவிடும். இதற்கென்றே ரேடியோவும் டிஷ்ஷும் ஒன்றாகச் சேர்ந்து வரும் வெளிப்புறக் கருவிகள் இருக்கின்றன, ஜோடியாக வாங்க வேண்டும்.

ஆனால் கருவி பற்றிய பேச்சே அப்புறம்தான். முதலில் மாடி ஏறிப் பாருங்கள். சென்னை தட்டையான ஊர், இங்கே மேடு பள்ளம் தடையில்லை, கட்டடமும் மரமும்தான் தடை, அதனால் கணினி வரைபடத்தில் நில மட்டத்தைப் பார்த்துப் பாதை இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. வெயில் நேரத்தில் ஒருவர் வேளச்சேரி மாடியில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து ஒளியடிக்கட்டும், நீங்கள் மடிப்பாக்கத்திலிருந்து பைனாகுலரில் பாருங்கள். கண்ணாடி மின்னுவது தெரியவில்லையென்றால் அத்தோடு விட்டுவிடலாம். தெரிந்தாலும் பாதி வேலைதான் முடிந்தது, ஏனென்றால் ரேடியோ அலைக்கு மெல்லிய கோடு போதாது. நடுவில் பருத்து இரண்டு முனையிலும் ஒடுங்கும் வெள்ளரிக்காய் போல தடையில்லாத ஒரு காலி இடம் அதற்கு வேண்டும், பிரெனெல் மண்டலம் என்பார்கள். 5.8 கிகாஹெர்ட்ஸில், 3 கிலோமீட்டர் தூரத்துக்கு, நட்ட நடுவில் அதன் ஆரம் 6 மீட்டருக்குச் சற்று மேலே. அதில் குறைந்தது 60 சதவீதமாவது, அதாவது ஏறக்குறைய 4 மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அச்சகத்தின் மாடி 7 மீட்டர், ஆபீஸ் மாடி 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 6 மீட்டர் ஜிஐ பைப் நட்டால் 13, 21. நடுவழியில் கோட்டின் உயரம் 17 மீட்டர். அதில் 4 போனால் 13. நடுவில் இருக்கும் எந்த வீடும், மாடிப்படி அறை, தண்ணீர் டேங்க் எல்லாம் சேர்த்து, 13 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று அர்த்தம். மூன்று மாடி வீட்டின் மேல் ஒரு டேங்க் இருந்தாலே இடிக்கும். தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் 18.3 மீட்டர் வரை உயர்மாடிக் கட்டடம் என்ற கணக்கிலேயே வராது, அந்த உயரத்துக்கு ஒரு அடுக்குமாடி நாளை நடுவில் எழும்பினால் உங்கள் இணைப்பு அன்றோடு போயிற்று, யாரிடமும் புகார் சொல்ல முடியாது. டிஷ்ஷைப் பெரிதாக்கினாலும் கான்கிரீட்டைத் துளைக்காது, உயரம் ஒன்றுதான் வழி. அச்சகத்தின் அருகில் உயரமான கட்டடத்தில் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர் மாடியைக் கேட்டுப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் இரண்டு இடத்திலும் ஃபைபர் இணைப்பு எடுத்து விபிஎன் (இணையத்துக்குள்ளேயே இரண்டு இடத்தையும் இணைக்கும் தனிப் பாதை) போட்டுக்கொள்வதுதான் நல்லது, நான் இதைத் தயங்காமல் சொல்வேன். மாதாமாதம் கட்டணம் வரும், ஆனால் பக்கத்து மனையில் யார் எத்தனை மாடி கட்டினாலும் கவலையில்லை.

பாதை கிடைத்துவிட்டால் மீதி சந்தோஷமான வேலை. இந்தியாவில் 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை 2018 முதல் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். டிஷ்ஷிலிருந்து வெளியேறும் சக்திக்கு உச்சவரம்பு 36 டிபிஎம் (ரேடியோ சக்தியை அளக்கும் அலகு), அதாவது 4 வாட். கருவியில் நாடு என்ற இடத்தில் இந்தியா என்றே வையுங்கள், வேறு நாட்டைப் போட்டால் கூடுதல் சக்தி கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது சட்டவிரோதம், பக்கத்து இணைப்புகளையும் கெடுக்கும். 36 டிபிஎம்மில் அனுப்பினால் 3 கிலோமீட்டர் காற்றுவெளியைக் கடப்பதில் ஏறக்குறைய 117 டெசிபெல் இழப்பு, மறுமுனையில் சிக்னலை 23 டெசிபெல் கூட்டித் தரும் டிஷ் இருந்தால் கிடைக்க வேண்டியது மைனஸ் 58 டிபிஎம் (பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் பலம்). இந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் மாடி ஏற வேண்டும். டிஷ்ஷைத் திருப்பும்போது பக்கவாட்டிலும் ஒரு சின்ன உச்சம் வரும், அதையே நடு உச்சம் என்று நினைத்து நட்டை முறுக்கிவிடுகிறார்கள். மைனஸ் 78 காட்டுகிறதா, இன்னும் திருப்புங்கள். ஒரு முனை அசையாமல் இருக்கட்டும், மறுமுனையை முதலில் இடம் வலமாக, அப்புறம் மேல் கீழாக, கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு தடவையும் எண் நிலைக்கும்வரை காத்திருந்து திருப்ப வேண்டும். மாடியிலிருந்து மாடிக்கு போனில் பேசிக்கொண்டே செய்தால் சீக்கிரம் முடியும்.

பெட்டியில் 400 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தால் பாதி என்று கணக்கு வையுங்கள். 100 கிடைத்தாலே 2 ஜிபி ஃபைல் மூன்று நிமிடத்துக்குள் போய்விடும், பைக் வேளச்சேரி சிக்னலைத் தாண்டியிருக்காது. கருவிகளை பிரிட்ஜ் முறையில், அதாவது இரண்டு பக்கத்தையும் ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் வெறும் பாலமாக வைத்து, ஐபி முகவரி கொடுக்கும் வேலையை ஒரே ஒரு ரவுட்டரிடம் விடுங்கள். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: முகப்பேரில் எங்கள் இரண்டு கிளைகளுக்கு நடுவே இணைப்பு கோடையில் நன்றாக இருந்தது. மழை பெய்தால் இழுக்கிறது. மழை ரேடியோவைத் தடுக்குமா?

பதில்: முகப்பேருக்குள்ளேயே இருக்கும் குறைந்த தூரத்தில், 5 கிகாஹெர்ட்ஸில், மழைத் துளியால் வரும் இழப்பு கண்டுகொள்ள வேண்டியதே இல்லை. மழை நேரத்தில் பாதையில் மரம் இருக்கிறதா என்று பாருங்கள். நனைந்த இலை சிக்னலை நன்றாகவே விழுங்கும், கோடையில் கொட்டியிருந்த இலை துளிர்த்து கிளையும் நீண்டிருக்கும். மரத்தை வெட்டாதீர்கள், கம்பத்தை உயர்த்துங்கள் அல்லது மாடியின் வேறு மூலைக்கு மாற்றுங்கள், இரண்டு மூன்று மீட்டர் நகர்த்தினாலே சில சமயம் போதும். மரமே இல்லையென்றால் கேபிள் முனையில் தண்ணீர் இறங்கியிருக்கும், கழற்றிப் பாருங்கள், உலோகக் கால்கள் பச்சை பூத்திருக்கும்.

கேள்வி: போன ஐப்பசியில் இடி இடித்தபோது மாடியில் இருந்த கருவியோடு கீழே நெட்வொர்க் ஸ்விட்சும் போய்விட்டது. எலக்ட்ரீஷியன் "விதி" என்கிறார்.

பதில்: நேரடியாக இடி விழுந்தால் எதுவும் தாங்காது. ஆனால் பெரும்பாலும் கருவிகள் போவது அருகில் எங்கோ விழுந்த மின்னல் கேபிளில் தூண்டிவிடும் மின்னழுத்தத்தால், அதைத் தடுக்க முடியும். கம்பத்தைக் கட்டடத்தின் எர்த்தோடு தடிமனான செம்புக் கம்பியால் இணையுங்கள். ஷீல்டு உள்ள வெளிப்புற கேபிளைப் போடுங்கள், உள்ளே முழுச் செம்பாக இருக்கட்டும், அலுமினியத்தில் செம்புப் பூச்சு பூசியது வேண்டாம், அதில் வோல்டேஜ் பாதி வழியிலேயே இறங்கும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சர்ஜ் புரொடெக்டர் (திடீரென எகிறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி), கம்பத்தின் அருகில் ஒன்று, இரண்டுக்கும் எர்த் கொடுத்தால்தான் பயன், சும்மா மாட்டிவிட்டுப் போவதைத்தான் நிறைய மாடிகளில் பார்க்கிறேன். நுழையும் இடத்துக்கு முன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் மாடியில் எதெல்லாம் பறந்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், 3 மீட்டருக்கு மேல் கம்பம் என்றால் மூன்று பக்கமும் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி அவசியம்.

கேள்வி: தெருவுக்கு எதிரெதிரே இரண்டு கட்டடம், 80 மீட்டர். கேபிளே இழுத்துவிடலாமா?

பதில்: பொதுத் தெருவுக்கு மேலே நீங்களாக இழுக்காதீர்கள், சின்ன பேனல் ஆன்டெனா ஜோடி போதும், சக்தியைக் குறைத்து வையுங்கள். ஒரே காம்பவுண்டுக்குள் என்றால் ஃபைபர் போடுங்கள். செம்புக் கேபிள் 100 மீட்டர் வரை ஓடும்தான், ஆனால் இரண்டு கட்டடத்தின் எர்த்தும் வேறு வேறாக இருந்தால் அதன் வழியே மின்சாரம் பாயும். கண்ணாடி இழையில் அந்தத் தொல்லை கிடையாது.

கேள்வி: எங்கள் இணைப்பைப் பக்கத்துக் கடைகளுக்கும் கொடுத்து மாதம் ஒரு தொகை வாங்கலாமா?

பதில்: கூடாது. அலைவரிசைக்குத்தான் உரிமம் வேண்டாம், இணையத்தை விற்க உரிமம் வேண்டும். அந்தக் கடையில் யாராவது ஏடாகூடமாக எதையாவது செய்தாலும் இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் போலீஸ் உங்களைத்தான் தேடி வரும். அவரவர் பெயரில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.