பிள்ளை நல்லாத்தான் இருக்கிறது, எனக்குத்தான் அந்த ராத்திரி முடியவில்லை

கேள்வி: எனக்கு வயது 26, ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். தலைப்பிள்ளை பிறந்து நாலு மாதம் ஆகிறது. தேதி தாண்டியும் வலி வரவில்லை, பனிக்குட நீர் குறைவாக இருக்கிறது என்று சொல்லி அட்மிட் செய்தார்கள். கருப்பை வாய் இளக இரண்டு தடவை ஜெல் வைத்து, அப்புறம் வலி வர டிரிப் போட்டார்கள். ஒரு பகல், ஒரு ராத்திரி முழுக்க வலி. ஆளாளுக்கு வந்து கையை விட்டுப் பார்த்தார்கள், என்ன நடக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கத்தியதற்கு, "புருஷன்கிட்ட போகும்போது தெரியலையா" என்று கேட்டார்கள். கடைசியில் வாக்குவம் வைத்து, அதாவது உறிஞ்சு கருவியால் தலையை இழுத்து எடுத்தார்கள், ரத்தம் நிறையப் போய் இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். இப்போது டெட்டால் வாசம் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. கனவில் அதே அறை வருகிறது. 14-வது வார ஊசிக்குப் போய், ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்க முடியாமல் திரும்பி வந்துவிட்டேன். பிள்ளையைத் தூக்கினால் சில நேரம் ஒன்றுமே தோன்றவில்லை. அத்தை "பிள்ளைதான் சொகமா இருக்கே, சவத்த விடு" என்கிறார்கள். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?

பதில்: இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

உயிர் போகிற மாதிரி ஒரு அனுபவத்துக்குப் பிறகு மனம் இப்படி நடந்துகொள்வதை நாங்கள் நன்றாகவே அறிவோம். விபத்தில் தப்பியவர்களுக்கு வருகிற அதே பாதிப்பு பிரசவத்துக்குப் பிறகும் வரும். வாசம், சத்தம், இடம் ஏதாவது ஒன்று தட்டினால் அந்த நேரம் அப்படியே திரும்பி வருவது, கெட்ட கனவு, அந்தப் பக்கமே போகாமல் ஒதுங்குவது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது, இடையிடையே எல்லாம் மரத்துப்போவது. இவை ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடித்து, அன்றாட வேலையையும் கெடுத்தால் சிகிச்சை வேண்டும் என்று அர்த்தம். உங்களுக்கு நாலு மாதம் ஆகிவிட்டது. தானாகச் சரியாகும் என்று இனியும் காத்திருக்க வேண்டாம். பிரசவமாகி மூணாம் நாள், நாலாம் நாள் வருகிற அழுகை வேறு, அது இரண்டு வாரத்தில் அடங்கிவிடும்.

செயற்கையாக வலி வரவழைத்தால் ஏன் இவ்வளவு கஷ்டம் என்று பல பெண்கள் கேட்கிறார்கள். தானாக வருகிற வலி பெரும்பாலும் மெல்ல ஆரம்பித்து, நேரம் எடுத்து ஏறும். டிரிப்பில் போகும் ஆக்சிடோசின் என்ற மருந்தில் வலி சீக்கிரமே பலமாகி, அடுத்தடுத்து வரும், நடுவில் மூச்சு வாங்கக் கிடைக்கிற நேரம் குறையும். தலைப்பிள்ளை, அதுவும் கருப்பை வாய் இன்னும் இளகாத நிலையில் ஆரம்பித்தால், ஜெல் வைத்ததிலிருந்து பிள்ளை பிறக்க ஒரு நாளுக்கு மேல் ஆவது சாதாரணம். உங்கள் உடம்பில் குறையும் இல்லை, வலியைத் தாங்கத் தெரியாதவரும் இல்லை நீங்கள். நீர் குறைந்தாலோ நாள் தாண்டினாலோ வலி வரவைப்பது பல சமயம் சரியான முடிவுதான். ஆனால் சரியான முடிவையும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், அங்கேதான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். வலியை விட, தனியாகக் கிடந்ததும், என்ன செய்கிறார்கள் என்று தெரியாததும், கையில் எதுவுமே இல்லை என்ற உணர்வும்தான் மனதில் ஆழமாகப் பதிகிறது. "புருஷன்கிட்ட போகும்போது தெரியலையா" என்ற அந்த ஒற்றைக் கேள்வி இருக்கிறதே, அது எங்கள் மருத்துவத் துறையில் பல காலமாக இருக்கிற அசிங்கம். அலுப்பு, ஆள் பற்றாக்குறை என்று எந்தச் சமாதானத்தையும் நான் ஏற்க மாட்டேன்.

நம் பக்கம் இன்னொரு வழக்கம். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே "ஆபரேஷனா, சொகப் பிரசவமா" என்று கேட்பார்கள். கத்தி படவில்லை என்று தெரிந்ததும் "பிறகென்ன" என்று முடித்துவிடுவார்கள். உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார்கள், பேறுகால மருந்து உருட்டிக் கொடுப்பார்கள், உடம்பைக் கண்ணாகப் பார்த்துக்கொள்வார்கள், மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். உங்கள் அத்தை கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் காலத்தில் பிள்ளை தங்கினாலே பெரிய காரியம். ஆனால் பிள்ளை நன்றாக இருப்பது ஒரு விஷயம், உங்களுக்கு நடந்தது இன்னொரு விஷயம். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்க முடியாது.

பாசம் வராதது பற்றி. பிள்ளையைக் கையில் வாங்கியதும் ஊற்றாகப் பொங்கும் என்பது எல்லோருக்கும் நடப்பதில்லை. ரத்தம் போய், தூக்கம் இல்லாமல், பயத்தில் இருக்கிற உடம்புக்கு அது மெதுவாகத்தான் வரும். பால் கொடுக்கிறீர்கள், குளிப்பாட்டுகிறீர்கள், அந்த ஊசிக்காக வாசல் வரைக்கும் போயிருக்கிறீர்கள். அதெல்லாம் பாசம் இல்லாமல் வேறென்ன?

சரி, என்ன செய்வது? படபடப்பு வந்தால் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்துங்கள். மூச்சை உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். கண்ணில் படுகிற பொருட்களை வாய்விட்டுச் சொல்லுங்கள்: குத்துவிளக்கு, தொட்டில், சுவர்க் கடிகாரம். நீங்கள் இப்போது வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று மூளைக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். டெட்டாலைக் கொஞ்ச நாள் வீட்டில் மாற்றிவிடுங்கள். ஆனால் ஒதுங்குவது மட்டுமே வழி என்று வைத்துக்கொண்டால் பயம் வளர்ந்துகொண்டே போகும், அதற்குத்தான் சிகிச்சை.

"நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி அழுதுவிடு, தீர்ந்துவிடும்" என்று யாராவது பிடித்து உட்கார வைத்தால் ஒத்துக்கொள்ள வேண்டாம். வற்புறுத்திச் சொல்ல வைப்பது சிலருக்குப் புண்ணைக் கிளறுவதாகிவிடும். நீங்களாக ஒருவரிடம், விரும்பிய அளவு சொல்வது வேறு. பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் படிப்படியாக அந்த நினைவைத் தொட்டு அதன் கூர்மையைக் குறைப்பார், அதற்கு நல்ல பலன் உண்டு. மாத்திரை தேவைப்பட்டாலும், பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடியவை இருக்கின்றன. மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிவிடாதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே பயம் என்றால் முதலில் 14416-க்கு ஃபோன் செய்யுங்கள், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். அவ்வளவு ரத்தம் போனவருக்குச் சோகையே பாதி சோர்வைத் தரும், தைராய்டும் பிரசவத்துக்குப் பின் சிலருக்குத் தடம் மாறும்.

விட்டுப்போன ஊசிக்காக அந்த வாசலுக்கே போக வேண்டியதில்லை. ஊரில் கிராம சுகாதார செவிலியர் புதன்கிழமை போடுவார், அவரிடமே போடலாம். தள்ளிப்போனதற்காக முதலிலிருந்து ஆரம்பிக்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும் அவசரம். செத்துவிடலாம், நான் இல்லாமல் பிள்ளை நன்றாக வளரும் என்ற எண்ணம் வந்தால், பிள்ளைக்கு ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினால், காதில் குரல் கேட்டால், வீட்டார் மேலேயே சந்தேகம் வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. வீட்டில் உள்ளவர்கள் உங்களைத் தனியே விடக் கூடாது, 108-ஐக் கூப்பிடலாம்.

சில பெண்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால் மனம் ஆறும். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கேஸ் ஷீட், அதாவது சிகிச்சைக் குறிப்புகளின் நகல் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 விதி. வாங்கி, நீங்கள் நம்புகிற வேறு டாக்டரிடம் வரிவரியாகக் கேளுங்கள். அந்தப் பேச்சுக்குப் புகார் கொடுப்பதும் உங்கள் உரிமை. தெம்பு வந்தபின் கொடுங்கள், கொடுக்காவிட்டாலும் குற்றமில்லை.

கணவர் இதைப் படிக்கட்டும். தினமும் சேர்ந்தாற்போல் நாலைந்து மணி நேரம் நீங்கள் தூங்க அவர்தான் வழி செய்ய வேண்டும். பால் கொடுத்து முடித்ததும் பிள்ளையை அவரோ அத்தையோ வாங்கிக்கொள்ளலாம். "மறந்துடு" என்று சொல்வதற்குப் பதில் பக்கத்தில் உட்காரட்டும்.

அடுத்த பிள்ளை பற்றி இப்போது யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. எப்படியும் 2 வருடமாவது இடைவெளி வேண்டும். அடுத்த தடவையும் ஜெல், வாக்குவம் என்றுதான் போகும் என்பதில்லை. கர்ப்பம் தரித்ததும் ஆரம்பத்திலேயே டாக்டரிடம் இதைச் சொல்லி, பிரசவ அறையில் துணைக்கு ஆள், வலி குறைக்கும் வழி எல்லாம் பேசி வைத்துக்கொள்ளலாம். நம் அரசு மருத்துவமனைகளிலும் ஒரு பெண் துணை இருக்க அனுமதி உண்டு. அதுவரை கணவர் பக்கத்தில் வந்தாலே உடம்பு விறைக்கிறது என்றால் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், அதற்குக் கெடு எதுவும் கிடையாது. காப்பர் டி போட மறுபடியும் உள்ளே பரிசோதனை செய்ய வேண்டுமே என்ற பயம் இருந்தால் இப்போதைக்கு ஆணுறை போதும், அது சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அவரே போய் வாங்கி வரட்டும்.