வரன் தேடும் செயலிகள்: பணம் கட்டியவர்களும் கட்டப் போகிறவர்களும்

தோட்டத்துப் பிள்ளைகள் சிங்கப்பூர், பினாங்கு, கோலாலம்பூர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். கோயில் திருவிழாவில் பெண் பார்த்துப் பேசி முடித்த வேலையைக் கைத்தொலைபேசி எடுத்துக்கொண்டது. சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இதைப் பற்றியே கடிதங்கள் குவிவதால், இந்த முறை மற்றவற்றை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

மகனுக்கு 31 வயது. டின்டர் நல்லதா, பாரத் மேட்ரிமோனி நல்லதா? எதற்குப் பணம் கட்டலாம்?
— ஒரு தாய், லிந்தாங்

இரண்டும் ஒரே சரக்கு இல்லை அம்மா. டின்டர் 2012இல் அமெரிக்காவில் தொடங்கியது. பக்கத்தில் இருப்பவர்களின் படத்தைக் காட்டும், இருவருக்கும் பிடித்திருந்தால்தான் பேச விடும். பழகிப் பார்க்கத்தான் அது. கல்யாணத்துக்கு என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. பாரத் மேட்ரிமோனி சென்னை நிறுவனம். நட்சத்திரம், படிப்பு, குடும்பம் எல்லாம் கேட்டு வாங்கும். ஆனால் அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்தியாவில் இருப்பவர்கள்.

ஆகவே எதுவாக இருந்தாலும் முதலில் இலவசக் கணக்கில் நுழையுங்கள். மலேசியா, பேராக் என்று வடிகட்டுங்கள். எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள், கடைசியாக எப்போது உள்ளே வந்தார்கள் என்று பாருங்கள். ஓராண்டாகத் திறக்கப்படாத கணக்குகளுக்குக் காசு கட்டி என்ன பயன்?

இதற்கெல்லாம் முன்னால் மகனிடம் கேட்டீர்களா? அவர் பெயரில் நீங்கள் உட்கார்ந்து பதில் எழுதினால், அந்தப் பக்கம் பேசும் பெண் ஏமாற்றப்படுகிறாள்.

செயலியை அழித்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் மாதாமாதம் 60 வெள்ளி (ரிங்கிட்) பிடிக்கிறார்கள்.
— கு.ம., சலாக்

தம்பி, நீங்கள் செயலியைத்தான் அழித்தீர்கள். சந்தா உயிரோடு இருக்கிறது. ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் பிளேயில் உங்கள் படத்தைத் தட்டி, சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் உங்கள் பெயருக்குக் கீழே அதே பகுதி இருக்கும். தளத்தில் நேரடியாக அட்டை கொடுத்திருந்தால் அந்தத் தளத்துக்குள் போய்த்தான் ரத்து செய்ய வேண்டும். ரத்தானதைக் காட்டும் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தானாகப் புதுப்பிக்கும் சந்தா மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. உள்ளே நுழைய ஒரு பொத்தான் போதும், வெளியே வரப் பக்கம் பக்கமாகக் கேள்வி. 'மாதம் இவ்வளவுதான்' என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். அது ஓராண்டுப் பணத்தை ஒரே தடவையில் கட்டினால்தான் என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கும். முகத்தை மங்கலாக்கி 'உங்களை ஒருவர் விரும்பியிருக்கிறார்' என்பார்கள், யார் என்று பார்க்கப் பணம். தனியாக இருக்கும் மனிதரின் ஏக்கத்தைப் பிடித்து இழுக்கும் வியாபாரம் இது.

இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. அமெரிக்காவின் மத்திய வாணிப ஆணையம் 2019இல் மேட்ச் குழுமத்தின் மீது வழக்குப் போட்டது. டின்டரும் அந்தக் குழுமத்தைச் சேர்ந்ததுதான். மோசடிக் கணக்கு என்று நிறுவனமே சந்தேகித்தவர்களிடமிருந்து வந்த அழைப்புகளைக் காட்டி, மேட்ச் தளத்தில் ஆட்களைச் சந்தா கட்ட வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ரத்து செய்வதைச் சிக்கலாக்கினார்கள் என்பது இன்னொன்று. 2025இல் 14 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தார்கள். அதற்கு முன்பே டின்டர், 30 வயதைத் தாண்டியவர்களிடம் அதே சேவைக்குக் கூடுதல் விலை வாங்கி வந்தது. அது வயதுப் பாகுபாடு என்று 2018இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அங்கே கேட்க ஆள் இருந்தது, கேட்டார்கள். நாம் 60 வெள்ளிதானே என்று விட்டுவிடுகிறோம். விடாதீர்கள். பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்றே எழுதுங்கள்.

மகளுக்காகக் கிள்ளானில் உள்ள திருமண நிலையத்தில் ஓராண்டுக்கு 2,400 வெள்ளி கட்டினேன். மூன்று மாதத்தில் அனுப்பியதெல்லாம் பொருந்தாத வரன்கள். நிறுத்தச் சொன்னால், 'பணம் திருப்பித் தரப்படாது என்று ரசீதில் இருக்கிறது' என்கிறார்கள்.
— ஓய்வு பெற்ற கிராணி

ரசீதில் எதை அச்சடித்தாலும் அது சட்டத்துக்கு மேல் இல்லை ஐயா. மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவைப் படியுங்கள். தொடர்ந்து தரப்படும் சேவையைப் பாதியில் ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. அவர்கள் பிடித்துக்கொள்ளக் கூடியது மொத்தத் தொகையில் 5 விழுக்காடு, ஏற்கனவே தந்த சேவைக்கு உரிய பங்கு, பொருள் ஏதும் தந்திருந்தால் அதன் விலை. உங்கள் கணக்கில் 120 வெள்ளியும் மூன்று மாதத்துக்கு 600 வெள்ளியும். மீதி 1,680 வெள்ளி உங்களுடையது.

ரத்து செய்வதாக எழுத்தில் கொடுங்கள். தரவில்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்றாண்டுக்குள் போக வேண்டும். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாத வியாபாரி குற்றவாளி ஆகிறார்.

என் தங்கை மகளுக்காக நானும் இப்படி ஒரு நிலையத்தில் ஆறு மாதத் தொகுப்பு வாங்கினேன். அவர்கள் அனுப்பிய வரன்களில் ஒருவருக்கு அப்போதே குழந்தை இருந்தது. அதனால் சொல்கிறேன், அடுத்த முறை மொத்தமாகக் கட்டாமல் மாதக் கட்டணத்துக்கு ஒத்துக்கொள்கிற இடமாகப் பாருங்கள்.

கணவர் இறந்து நான்கு வருடம். முகநூலில் பழகியவர் கப்பலில் பொறியாளர் என்றார். பரிசுப் பார்சல் அனுப்பியதாகச் சொன்னார். சுங்கத் துறை பிடித்துவிட்டது என்று ஒரு பெண் போன் செய்தாள். சேமநிதிப் பணம் 18,000 வெள்ளியை மூன்று தடவையாகப் போட்டுவிட்டேன். ஐந்து நாள் ஆகிறது. பிள்ளைகளுக்குத் தெரியாது.
— பெயர் வேண்டாம்

அக்கா, முதலில் இதைக் கேளுங்கள். நீங்கள் அன்பாகப் பேசியது குற்றம் இல்லை. குற்றம் செய்தவர்கள் திட்டம் போட்டு, ஆள் வைத்து, உங்கள் தனிமையைப் பார்த்து வந்தவர்கள். படித்தவர்கள், ஆசிரியர்கள்கூட இதே பார்சல் கதையில் விழுந்திருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் 997க்கு அழையுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கும் அழையுங்கள். பிறகு எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். சுங்கை சிப்புட்டில் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று கூச்சமாக இருந்தால் ஈப்போவில் கொடுங்கள். பணம் போட்ட ரசீதுகள், கணக்கு எண்கள், அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள்.

ஐந்து நாளில் பணம் கைமாறியிருக்கும், முழுதும் திரும்பும் என்று உங்களுக்கு நான் ஆசை காட்ட மாட்டேன். ஆனால் பணம் போன கணக்கு இந்த நாட்டு வங்கியில், யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறது. அந்த ஆளைப் பிடிக்க உங்கள் புகார் வேண்டும்.

இன்னும் ஒன்று. 'பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று சில நாளில் ஒருவர் அழைப்பார். அவரும் அதே கூட்டம்தான், ஒரு சென்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளில் யார் பொறுமையானவரோ அவரிடம் இன்றிரவே சொல்லுங்கள். இதைத் தனியாகச் சுமக்க வேண்டாம்.

மற்றவர்களுக்கு: சுங்கத் துறை தனியாள் கணக்கில் பணம் போடச் சொல்லாது. பணம் போடுமுன் அந்தக் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் வந்த கணக்குகளைக் காட்டும் காவல்துறையின் செமாக்மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். அங்கே எண் இல்லை என்பதால் ஆள் நல்லவர் என்று ஆகிவிடாது. புதுக் கணக்காக இருக்கலாம்.

செயலியில் பழகிய பெண் கிரிப்டோ சொல்லிக் கொடுத்தாள். 500 வெள்ளி போட்டேன், 620 எடுத்தேன். கடன் வாங்கி 20,000 போடலாமா? நேரில் பார்த்ததில்லை.
— தி., கோலகங்சார்

போடாதீர்கள். அந்த 120 வெள்ளி உங்களைப் பிடிக்கப் போட்ட தூண்டில். முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷன் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலைப் பார்க்கக்கூட நேரமில்லாதவர், கடன் வாங்க மட்டும் நேரம் கண்டுபிடிக்கிறீர்கள். முகம் தெரியாத ஒருவர் சொல்லி, அடுத்தவர் பணத்தைக் கடன் வாங்கிப் போடுவது முதலீடு ஆகாது.

ஆறு வாரப் பழக்கம். சம்பளம் போட்டு எடுக்க என் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் கேட்கிறார். கொடுக்கலாமா?
— ந., தாமானிலிருந்து

கூடாது. அந்தக் கணக்கில் அடுத்தவரை ஏமாற்றிய பணம் வந்து இறங்கும், போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

முதன்முதலாக ஒருவரைச் சந்திக்கப் போகிறேன். இங்கே சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் மாலைக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும்.
— ஆசிரியை, 27

ஈப்போவில் ஒரு பேரங்காடியில், பகலில் சந்தியுங்கள் தங்கச்சி. ரயிலிலோ உங்கள் காரிலோ போங்கள், அவர் வண்டியில் ஏறாதீர்கள். எங்கே, யாரோடு, எத்தனை மணி வரை என்று ஒரு தோழிக்கு அவருடைய படத்தோடு அனுப்பி வையுங்கள். போகுமுன் ஒரு தடவை வீடியோவில் பேசுங்கள். படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால் வேறு யாருடைய படமா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். உங்கள் அடையாள அட்டைப் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

தளத்தில் 'மணமாகாதவர்' என்று போட்டிருக்கிறார். எப்படி உறுதிப்படுத்துவது?
— பெண்ணின் அண்ணன்

தளத்தில் இருக்கும் நீலக் குறி, ஆள் நிஜம் என்று சொல்லும். மனைவி இருக்கிறாரா என்று சொல்லாது. முஸ்லிம் அல்லாதோரின் திருமணப் பதிவைத் தேடித் தரும்படி தேசியப் பதிவுத் துறையில் விண்ணப்பிக்கலாம். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி முஸ்லிம் அல்லாதவருக்கு ஒரு மணம்தான். அதைப் பதியவும் வேண்டும். அவரையே கூட்டிக்கொண்டு போய் விண்ணப்பியுங்கள். உண்மையானவர் வருவார். 'கோயிலில் தாலி கட்டினால் போதும், பதிவைப் பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப் போடுகிறவராக இருந்தால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.