மண்குதிரை சேக்கறவங்க கேட்டது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புதுச்சேரி போறப்பல்லாம் அங்க ஒரு சின்ன பாட்டரி ஸ்டுடியோல கையால செஞ்ச செராமிக் குதிரை ஒண்ணு ரெண்டு வாங்கிட்டு வருவேன், இப்ப ஷெல்ஃப்ல ஒரு கூட்டமே நிக்குது. ஆனா ஒரே மாதிரின்னு வாங்கின ரெண்டைப் பக்கத்துல வச்சா ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை, கலரும் வேற. மட்டமான பீஸைத் தலைல கட்டிட்டாங்கன்னு வீட்டுல சொல்றாங்க. நிஜமா?
- வாசகி, மதுரை

பதில்: இல்லைங்க, வீட்டுல சொல்றத நம்பாதீங்க. களிமண் காயறப்பவும் சுருங்கும் சூளைல வேகறப்பவும் சுருங்கும், ஸ்டோன்வேர்னு சொல்ற, அதிக சூட்டுல வெந்து கல்லு மாதிரி இறுகற மண்ணுன்னா மொத்தத்துல பத்துல ஒரு பங்கு அளவுக்கு சின்னதாகிடும், கையால புடிச்ச கால் நாலும் கழுத்தும் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கனத்துல இருக்கறப்ப ரெண்டு குதிரை அச்சு அசலா ஒரே உயரத்துல எப்படி வரும்? அச்சுல வார்த்து எடுக்கற ஃபேக்டரி பொம்மைதான் அப்படி வரும். கலரும் அப்படித்தான், 1200 டிகிரிக்கு மேல போற சூளைல நெருப்பு நேரா படற இடத்துல ஒரு நிறம், மூலைல ஒரு நிறம், விறகுச் சூளைன்னா சாம்பல் வேற பறந்து வந்து ஒட்டி உருகும். புதுச்சேரில இந்த ஸ்டோன்வேர் வேலை வேரூன்ற காரணமே 1971ல ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் ஆரம்பிச்ச கோல்டன் பிரிட்ஜ் பாட்டரிதான், அங்க கத்துக்கிட்டவங்க பல பேர் தனியா சின்ன சின்ன ஸ்டுடியோ போட்டாங்க.

நிஜமான குறை வேற இடத்துல இருக்கும். குதிரையைத் தலைகீழா கவுத்துப் புடிங்க. வயித்தோட கால் சேர்ற இடத்துலதான் முதல்ல பாக்கணும், ஏன்னா ஒல்லியான கால் சீக்கிரம் காஞ்சிடும், கனமான உடம்பு மெதுவா காயும், அந்த இழுப்புல ஜாயின்ட்ல தலைமுடி மாதிரி விரிசல் விடும். அதுக்காகத்தான் செய்யறவங்க வயித்துக்குக் கீழ ஸ்பாஞ்சோ கசக்கின பேப்பரோ முட்டுக் குடுத்து, காலை ஈரத்துணியால சுத்தி நிதானமா காய வைப்பாங்க. நகத்தால லேசா வருடினா விரிசல் தட்டுப்படும். விரலால சுண்டிப் பாருங்க, நல்ல பீஸ் கணீர்னு கேக்கும், விரிசல் இருந்தா மொக்கையா ஒரு சத்தம் வரும். வயித்துல இல்ல வால் பக்கம் சின்ன ஓட்டை இருக்கே, அது டேமேஜ் இல்லைங்க, உள்ள கூடா இருக்கற பொம்மைல ஈரம் ஆவியா வெளிய போக வழி வேணும், இல்லேன்னா சூளைக்குள்ளயே வெடிச்சிடும். கண்ணாடி மேல நிக்க வச்சா ஒரு கால் லேசா ஆடுதா, அடில ஒரு ஃபெல்ட் ஒட்டினா போதும். கிளேஸ், அதாவது மேல இருக்கற கண்ணாடி மாதிரி பூச்சு, பொரிஞ்சு உள்ள மண்ணு தெரியற பீஸை மட்டும் முழு விலை குடுத்து வாங்காதீங்க.

கேள்வி: பழைய சாமான் கடை ஒண்ணுல மண்குதிரைத் தலை ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, அய்யனார் கோயில் குதிரைன்னு சொல்றாங்க. என் கலெக்‌ஷன்ல வச்சா கெத்தா இருக்கும். வாங்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். தயவுசெஞ்சு வேண்டாம். அது யாரோ ஒருத்தர் புள்ளைக்கு உடம்பு சரியானதுக்கோ மழை பேஞ்சதுக்கோ நேந்துக்கிட்டு வச்ச குதிரை. ஊர்க்காரங்க ஒரு பிடி மண்ணை எடுத்து குதிரை செய்யற குயவரான வேளார் கைல குடுப்பாங்க, பிடிமண் குடுக்கறதுன்னு சொல்வாங்க, அதுக்கப்புறம்தான் வேலையே ஆரம்பிக்கும். களிமண்ணுல மணலும் உமியும் கலந்து மிதிச்சு, கால் நாலையும் உருளையா எழுப்பி, அது மேல வயிறு, அப்புறம் கழுத்து, தலைன்னு கொஞ்சம் கொஞ்சமா காய விட்டு ஏத்திக்கிட்டே போவாங்க, சலங்கை, மணி, சேணம் எல்லாம் கையாலயே ஒட்டறது. புரவி எடுப்பு அன்னிக்கு ஊரே சேந்து தோள்ல தூக்கிட்டுப் போய் கோயில்ல வைக்கும். பழசு உடைஞ்சாலும் அப்புறப்படுத்த மாட்டாங்க, பக்கத்துலயே புதுசு வரும், பழசு அங்கயே கிடந்து மண்ணாப் போகும். அத எடுத்துட்டு வந்து ஷோகேஸ்ல வைக்கறது எனக்கு சரின்னு படல. சட்டமும் இருக்கு, 100 வருஷத்துக்கு மேலான சிற்பம், டெரகோட்டான்னு சொல்ற சுடுமண் பொம்மை எல்லாம் 1972 தொல்பொருள் சட்டத்துல வரும், லைசென்ஸ் இல்லாம வியாபாரம் பண்ண முடியாது.

ஆசைன்னா நேரா புதுக்கோட்டை, சிவகங்கை பக்கம் வேளார் வீட்டுக்குப் போங்க, ஒரு முழ உயரத்துல செஞ்சு தருவீங்களான்னு கேளுங்க, அட்வான்ஸ் குடுங்க, மழைக்காலம்னா காய லேட்டாகும்னு சொன்னா காத்திருங்க. பேரம் மட்டும் பேசாதீங்க. போறதுக்கு முன்னாடி சென்னை பக்கத்துல முட்டுக்காடு தட்சிணசித்ரா மியூசியத்துல அய்யனார் குதிரைங்க நிக்குது, ஒரு நடை பாத்துட்டு வந்தா என்ன கேக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

கேள்வி: ஆன்லைன்ல பாங்குரா குதிரை வாங்கினேன், பார்சலைப் பிரிச்சா காது ரெண்டும் வாலும் தனியா கிடக்கு. திருப்பி அனுப்பவா?
- வாசகி, கோவை

பதில்: அனுப்பிடாதீங்க! மேற்கு வங்காளத்துல பாஞ்ச்முரா கிராமத்துக் குதிரை அது, காதும் வாலும் தனியா செஞ்சு துளைல சொருகறதுதான் அதோட பாணி. மெதுவா சொருகுங்க, அவ்ளோதான். கறுப்புக் குதிரை வந்திருந்தா பெயின்ட்டுன்னு நெனைக்காதீங்க, சூளையோட வாயை அடைச்சு புகையை உள்ளயே நிறுத்தி எடுக்கற நிறம்.

கிளேஸ் இல்லாத மண்குதிரை எதையும் சோப்புத் தண்ணில கழுவாதீங்க, தண்ணிய உறிஞ்சிக்கும், காஞ்ச பெயின்ட் பிரஷ்ஷால தூசி தட்டினா போதும். வீடு மாத்தறப்ப கால் நடுவுல பழைய துணியை நல்லா அடைச்சு, வெயிட் காலுக்குப் போகாம வயித்துல நிக்கற மாதிரி படுக்க வச்சு பேக் பண்ணுங்க.