வேலை, குடும்பம் ரெண்டுக்கும் நடுவுல காலநிலைக்காகவும் ஏதாவது செய்ய முடியுமா? தினமும் எவ்ளோ நேரம் ஒதுக்கணும்?

முடியும்ங்க. ஆனா நீங்க கேட்டிருக்குற மாதிரி "தினமும் எவ்ளோ நேரம் ஒதுக்கணும்"னு ஆரம்பிச்சா கண்டிப்பா முடியாது. பிள்ளைங்கள கிளப்பி விட்டு, ஆபீஸ் ஓடி, சாயங்காலம் ஹோம்வொர்க், பெரியவங்களுக்கு மருந்துன்னு இருக்குற ஆளுக்கு ஒதுக்குறதுக்கு நேரம் எங்க மிச்சம் இருக்கு?

நானும் ரெண்டு பிள்ளைங்கள வச்சிக்கிட்டு வேலைக்கு போற அம்மாதான். எங்க வீட்ல நாங்க புடிச்ச வழி, ஒரு தடவ முடிவு பண்ணிட்டா அப்புறம் அத நினைக்கவே வேணாம்ங்கற விஷயங்கள மட்டும் மொதல்ல செய்றது. வீடு மாறுனப்போ ரெண்டு பேருமே பஸ்ல ட்ரெயின்ல வேலைக்கு போய் வர்ற மாதிரி இடமா பாத்தோம், ரெண்டாவது கார் வாங்குற பேச்சே அதோட முடிஞ்சுது. வாஷிங் மெஷின சாதா தண்ணிக்கு மாத்தி வச்சாச்சு, ஏன்னா சூடான தண்ணில துவைச்சா அந்த மெஷின் இழுக்குற கரண்ட்ல பெரும்பகுதி தண்ணிய சூடாக்கத்தான் போகுது. இதுக்கெல்லாம் அப்புறம் தினமும் மெனக்கெட வேண்டியதில்ல.

எதுல எவ்ளோ பலன்னு தெரிஞ்சா தேவையில்லாத அலைச்சல் குறையும். செத் வைன்ஸ், கிம்பர்லி நிக்கோலஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2017ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, வளர்ந்த நாடுகள்ல வாழ்றவங்கள வச்சு போட்ட கணக்கு அது. கார் இல்லாம இருந்தா பூமிய சூடாக்குற வாயுக்களோட உமிழ்வு ஒருத்தருக்கு வருஷத்துக்கு சுமார் 2.4 டன் குறையும், அட்லாண்டிக் தாண்டி போய் வர்ற ஒரு விமானப் பயணத்த விட்டா 1.6 டன், தாவர உணவுக்கு முழுசா மாறினா 0.8 டன். குப்பைய பிரிச்சு மறுசுழற்சிக்கு போடுறதுல கிடைக்கிறது தாவர உணவுல கிடைக்கிறதுல கால்வாசிதான். அதுக்காக பிரிக்க வேணாம்னு சொல்லல, களைச்சுப் போன ஒரு நாள் அது விட்டுப்போச்சுன்னா ராத்திரி தூக்கம் கெட வேணாம்னு சொல்றேன்.

அதே ஆய்வுல எல்லாத்தையும் விட பெரிய நம்பர் ஒண்ணு இருக்கும், குழந்தை ஒண்ணு கம்மியா பெத்துக்கிறதுன்னு. பிள்ளைங்கள வச்சிருக்குறவங்க அத பாத்து நொந்துபோறத நான் பாத்திருக்கேன். அந்த நம்பர் வர்றது அந்தக் குழந்தைக்கு அப்புறம் வரப்போற தலைமுறைங்களோட உமிழ்வுல ஒரு பங்கையும் இன்னைக்கு இருக்குற பெத்தவங்க கணக்குல சேர்க்குறதால. பேரப்பிள்ளைங்க காலத்துல கரண்ட் எப்படி தயாராகும்ங்கறது நம்ம கையில மட்டுமா இருக்கு? மடியில இருக்குற பிள்ளைய டன் கணக்குல பாக்காதீங்க, ப்ளீஸ்.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப முக்கியம். வீட்ல "இனிமே பிளாஸ்டிக் வேணாம், மிச்சம் வீணாக்க வேணாம்"னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணுவாங்க, கழுவுறது, எடுத்து வைக்கிறது, ஞாபகம் வச்சிக்கிறது எல்லாம் ஏற்கனவே வீட்டு வேலை பாக்குற ஒருத்தர் தலையில போய் விழும், பெரும்பாலும் அம்மா தலையில. எங்க வீட்ல ஃப்ரிட்ஜ்ல என்ன மிச்சம் இருக்குன்னு பாத்து மறுநாளைக்கு சொல்றது வீட்டுக்காரரும் பெரியவளும்தான். உணவு வீணாகுறது உலக உமிழ்வுல 8 முதல் 10 சதவீதம் வரைக்கும் காரணம்னு ஐநா அறிக்கைகள் சொல்லுது, அவ்ளோ பெரிய விஷயத்த ஒருத்தரே சுமக்கணும்னா எப்படிங்க.

இதெல்லாம் போக மிஞ்சுற கொஞ்ச நேரத்த வீட்டுக்கு வெளில போடுங்க. 2020ல ஊரே அடங்கி கிடந்தப்போ கூட உலகத்தோட கார்பன் டை ஆக்ஸைடு உமிழ்வு முந்தின வருஷத்த விட 5 சதவீதம் பக்கம்தான் குறைஞ்சுது. மின் நிலையம், தொழிற்சாலை, சிமெண்ட், உரம் இதெல்லாம் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. அதனால ஆபீஸ்ல வாயத் திறந்து கேளுங்க, வீடியோ கால்ல முடியுற மீட்டிங்குக்கு எதுக்கு விமானம், வாரத்துல ஒரு நாளாவது வீட்லருந்து வேலை பாக்கலாமா, பஸ் பாஸுக்கு கம்பெனி பணம் குடுக்குமா. இதுல ஒண்ணு நடந்தா கூட உங்களோட சேர்ந்து மொத்த டீமுக்கும் உமிழ்வு குறையும், அதோட வீட்லருந்து வேலை பாக்குற அன்னைக்கு பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்றப்போ நீங்க வீட்லயே இருக்கலாம்.