சைக்யாட்ரி போஸ்டிங் இரண்டு வாரம்தான். மனநோய்களைக் கண்டுபிடிக்கவும் சிகிச்சை தொடங்கவும் ஒரு ஹவுஸ் சர்ஜன் (எம்.பி.பி.எஸ். படித்துப் பயிற்சியில் இருப்பவர்) எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

கேட்டவர் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்: "போஸ்டிங் முடித்ததாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நீட் பிஜிக்கு (மேற்படிப்பு நுழைவுத் தேர்வு) படிக்கப் போய்விடலாமா?"

நான் மனநல மருத்துவன். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது அதே கையெழுத்தை வாங்கிக்கொண்டு நூலகத்துக்கு ஓடியவன். ஆகவே உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்கில்லை. ஓடியதால் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

எலும்பு முறிவு வார்டில் இரவுப் பணி. ஒரு கொத்தனார், நாற்பது வயதிருக்கும். சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, எடை கட்டிக் காலை இழுத்து வைக்கும் டிராக்ஷனில் கிடந்தார். முதல் நாள் பரம சாது. இரண்டாம் நாள் ராத்திரி, விரிப்பில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு டிராக்ஷன் கயிற்றை அவிழ்த்தார். "சித்தாள் எங்க போச்சு, கலவை காயுது பாரு" என்று பக்கத்துக் கட்டில்காரரை அதட்டினார். உடம்பெல்லாம் வியர்வை, கையில் நடுக்கம். நான் கேஸ் ஷீட்டில் 'சைக்கோசிஸ்' (நிஜத்தோடு தொடர்பு அறும் மனநோய்) என்று எழுதி, அதற்கான ஹாலோபெரிடால் ஊசி போட்டுவிட்டு, 'காலையில் மனநலப் பிரிவின் கருத்து பெறவும்' என்று கையெழுத்தும் போட்டேன். விடிவதற்குள் அவருக்கு வலிப்பு வந்துவிட்டது.

ஓடிவந்த சீனியர் அவர் மனைவியிடம் கேட்டது ஒரே கேள்வி. "கடைசியா எப்பம்மா குடிச்சாரு?"

"விழுந்த அன்னிக்கு மத்தியானம் சார். தினம் ரெண்டு குவாட்டர்."

அட்மிஷனின்போது நானும் கேட்டிருந்தேன். "குடிப்பழக்கம் இருக்கா?" என்றேன். மாமியார் பக்கத்தில் நிற்கிறார். "அதெல்லாம் இல்ல சார்" என்றார் கொத்தனார். எழுதிக்கொண்டேன். மனிதர் பிழைத்துக்கொண்டார். என்னுடைய கேள்விதான் தேறவில்லை.

இந்த இரண்டு வாரத்தில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது, கேள்விகளைத் தமிழில் கேட்பது எப்படி என்பதைத்தான். நோய்க்கூறுகளின் பட்டியல் பாடப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். அந்தப் பட்டியல் நோயாளியின் வாயில் எந்தச் சொற்களாக வரும் என்பது புறநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

குடியிலிருந்தே தொடங்குகிறேன். 'குடிப்பழக்கம்' என்ற சொல்லே ஒரு குற்றச்சாட்டு. "வேலை முடிஞ்சு உடம்பு வலிக்கு என்ன சாப்பிடுவீங்க?", "கடைசியா எப்போ?", "காலைல எழுந்தா கை நடுங்குமா, ஒரு கட்டிங் போட்டா நிக்குமா?" என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' வந்தால் மிச்சக் கதை தானாக வரும். அளவு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு குவாட்டர் 180 மி.லி. நம் ஊர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம், ஆக ஒரு குவாட்டரில் ஏறக்குறைய 60 கிராம். தினம் இரண்டு குவாட்டர் போடுகிறவர் எந்த வார்டில் படுத்தாலும் குடி நின்ற சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். குழப்பமும் எறும்பும் பாம்பும் பொதுவாக 48 மணிக்கு மேல். அறுவைச் சிகிச்சை வார்டில் 'இரண்டு மூன்று நாள் கழித்துப் புத்தி தடுமாறியவர்' என்றால் இதுதான் என் முதல் சந்தேகம். சிகிச்சை லோரஸிபாம் அல்லது குளோர்டயஸிபாக்சைடு. கல்லீரல் கெட்டிருந்தால் லோரஸிபாம்தான் பாதுகாப்பு. குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடும் முன் தயமின் (பி1 வைட்டமின்) ஊசி. நான் போட்டதுபோல் ஹாலோபெரிடாலை மட்டும் போட்டால் வலிப்பு வரும் வாசலை நாமே தாழ்த்தி வைக்கிறோம்.

அடுத்தது மனச்சோர்வு. எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று, "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு கிராமத்திலிருந்து வந்தவர் ஒருவரும் இல்லை. வரும் சொற்கள் வேறு. "உடம்பெல்லாம் ஒரே வலி", "கை கால் ஓய்ச்சல்", "நெஞ்சு பாரமா இருக்கு", "தலை உச்சியில எரியுது", "எதையோ பறிகொடுத்த மாதிரி இருக்கு." இந்த அம்மாக்கள் பொது மருத்துவப் பிரிவில் வாரா வாரம் டைக்ளோஃபினாக் ஊசியும் பி காம்ப்ளெக்ஸும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். மூன்றாவது முறை அதே வலியோடு ஒருவர் வந்தால் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, தூக்கம். "எத்தனை மணிக்கு முழிப்பு வருது?" என்று கேட்டால், "மூணு மணிக்கே முழிச்சு மோட்டுவளையைப் பார்த்துட்டுக் கிடப்பேன்" என்பார். இரண்டாவது, ஆசை. 'ஆர்வம் குறைந்துவிட்டதா' என்று கேட்டால் விழிப்பார். "பேரப்பிள்ளை ஓடிவந்து மடியில உட்கார்ந்தா முன்ன மாதிரி சந்தோஷமா இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அங்கேயே அழுதுவிடுவார்கள். அழட்டும். அந்த இரண்டு நிமிடம் பேனாவை மூடி வையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், சோகமோ ஆசையின்மையோ இருந்து, கூடவே தூக்கம், பசி, அசதி, கவனம், குற்ற உணர்ச்சி, சாகும் எண்ணம் என்று மொத்தம் ஐந்து சேர்ந்தால் நோய் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். ஹைப்போதைராய்டிசத்துக்கு மனச்சோர்வு மாத்திரை கொடுத்த கதை எல்லா ஊரிலும் உண்டு.

சாவைப் பற்றிக் கேட்கப் பயப்படாதீர்கள். 'நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடுமோ' என்று எல்லா மாணவரும் தயங்குகிறார்கள். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. இருக்கும் எண்ணம் வெளியே வரும். நான் கேட்கும் விதம்: "இவ்வளவு கஷ்டம் வர்றப்போ சில பேருக்குச் செத்துப்போயிடலாமான்னு தோணும். உங்களுக்குத் தோணியிருக்கா?" ஆமாம் என்றால், எப்படி என்று யோசித்தாரா, வீட்டில் பூச்சி மருந்து இருக்கிறதா, எலி மருந்து இருக்கிறதா, கொல்லையில் அரளி இருக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேளுங்கள். கூட வந்தவரிடம் அதையெல்லாம் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது, சொன்னதைக் கேஸ் ஷீட்டிலும் எழுதுங்கள். விஷம் குடித்துப் பிழைத்து வார்டில் கிடப்பவரிடம் "போலீஸ் கேஸ் ஆகும் தெரியுமா" என்று மிரட்டும் வழக்கம் இன்னும் சாகவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது. அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. யாராவது மிரட்டினால் இதைச் சொல்லுங்கள், சீனியராக இருந்தாலும்.

மாத்திரை எழுதும் முன் ஒரு கேள்வி பாக்கி. "எப்பவாவது ஒரு வாரம் பத்து நாள் தூக்கமே இல்லாம, அசதியும் இல்லாம, ஓயாம பேசி, காசைத் தண்ணியா செலவழிச்சிருக்கீங்களா?" இதை வீட்டாரிடமும் கேளுங்கள். பைபோலார் (மனச்சோர்வும் கட்டுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) நோயாளிக்கு வெறும் மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால் அந்தக் கட்டுமீறிய உற்சாகத்தில், அதாவது மேனியாவில், கொண்டுபோய் விடலாம்.

இல்லையென்றால் எஸிட்டலோபிராம் 10 மி.கி. அல்லது செர்ட்ராலின் 50 மி.கி., வயதானவர்களுக்கு அதில் பாதியிலிருந்து. (இந்த அளவுகள் மாணவருக்கானவை. நோயாளிகள் இதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்குப் போக வேண்டாம்.) மருந்தைவிட முக்கியம் அதோடு சொல்லும் நாலு வார்த்தை: "முதல் வாரம் வயிறு கொஞ்சம் புரட்டும், போயிடும். ரெண்டு மூணு வாரம் வரைக்கும் ஒண்ணும் தெரியாது, நிறுத்திடாதீங்க. நல்லானதுக்கு அப்புறமும் ஆறு மாசத்துக்கு மேல சாப்பிடணும்." இதைச் சொல்லாமல் கொடுத்த மாத்திரை பத்தாம் நாள் குப்பைக்குப் போகும்.

ஆல்பிரசோலாமை மட்டும் கைதவறிக்கூட எழுதிப் பழகாதீர்கள். அன்றே தூக்கம் வரும், நோயாளி உங்களைக் கும்பிடுவார். இரண்டு மாதம் கழித்து அது இல்லாமல் தூங்க மாட்டார், ஐந்து வருடம் கழித்து என்னிடம் வருவார். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு முதல் நான்கு வாரம், முடியும் தேதியை எழுதி.

பானிக் அட்டாக்கை நீங்கள் முதலில் பார்ப்பது அவசர சிகிச்சைப் பிரிவில். படபடப்பு, மூச்சு முட்டல், 'இதோ உசுரு போகுது' என்ற பயம். சில நிமிடத்தில் உச்சத்துக்குப் போய் அரை மணியில் அடங்கும். ஈசிஜி கட்டாயம் எடுங்கள். நார்மல் என்றால் "ஒண்ணும் இல்ல, டென்ஷன்" என்று அனுப்பாதீர்கள். அவருக்கு ஒன்று இருக்கிறது, அதற்குப் பெயரும் மருந்தும் இருக்கின்றன. அதைச் சொல்லாததால்தான் அடுத்த வாரம் வேறு மருத்துவமனையில் எக்கோ எடுத்துக்கொண்டிருப்பார்.

சைக்கோசிஸில் மாணவர்கள் தடுக்கி விழும் இடமும் கேள்விதான். "காதுல குரல் கேக்குதா?" என்று கேட்டால், "கேக்குது சார், நீங்க பேசுறது" என்பார். "பக்கத்துல யாருமே இல்லாதப்போ, யாரோ உங்களைப் பத்திப் பேசற மாதிரி, திட்டற மாதிரி கேக்குதா?" என்று விரித்துக் கேட்க வேண்டும். "தெருவுல போறவங்க உங்களைப் பத்தித்தான் பேசிக்கறாங்களா?" என்பது அடுத்தது. குரல் இல்லாமல் உருவங்கள் தெரிகின்றன, நாள் கிழமை தெரியவில்லை, காலையில் தெளிவு சாயங்காலம் குழப்பம், கூடவே காய்ச்சல் என்றால் எங்களைக் கூப்பிடும் முன் சோடியம், சர்க்கரை, மூளைக்காய்ச்சல் என்று தேடுங்கள். மனநோய் என்று முத்திரை குத்தி, உடல்நோயால் வரும் திடீர்க் குழப்பமான டெலிரியத்தைத் தவறவிடுவதுதான் இந்தத் துறையில் உயிரைக் குடிக்கும் தவறு.

நோயாளியை முதலில் கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப் போனார்கள் என்று தெரிந்தால் வீட்டாரைத் திட்டாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்கா உள்ள ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். பக்கத்தில் மருத்துவம் கிடைக்காத குடும்பங்கள்தான் அப்படிப்பட்ட இடங்களில் கொண்டுபோய் விட்டன. "சாமியும் கும்பிடுங்க, மாத்திரையும் போடுங்க" என்றால் நோயாளி மறுபடியும் வருவார். திட்டினால் வர மாட்டார்.

சைக்கோசிஸுக்கு ரிஸ்பெரிடோன் 2 மி.கி. போலத் தொடங்கிவிட்டு மேலே எங்களிடம் அனுப்பலாம். ஆனால் பக்கவிளைவை நீங்கள்தான் முதலில் பார்ப்பீர்கள். இளைஞன் ஒருவன், கழுத்து ஒருபக்கம் திருகி, கண் மேலே சொருகி, நாக்கு தடித்து வருவான். பேய் என்று வீட்டில் வேப்பிலை அடித்துவிட்டு வந்திருப்பார்கள். ப்ரோமெதசின் ஊசி ஒன்று போட்டால் சிறிது நேரத்தில் சரியாகும். வாந்திக்குப் போட்ட மெட்டோகுளோபிரமைடாலும் இது வரும், அதையும் கேளுங்கள். போஸ்டிங்கில் இதைவிடச் சுலபமாக நல்ல பெயர் வாங்கும் வழி கிடையாது.

பிரசவ வார்டு: குழந்தை பிறந்து இரண்டு வாரத்துக்குள் தாய் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசினால் அன்றே எங்களுக்கு அழைப்பு வர வேண்டும். நாளைக்கு என்பது தாமதம். அதுவரை குழந்தையோடு தனியாக விடாதீர்கள்.

மயங்கி விழுந்த பெண்ணை 'ஹிஸ்டீரியா, நடிக்கிறாள்' என்று சொல்லி மூக்கில் அமோனியா பஞ்சை வைக்கும் சீனியர் ஒருவரை நிச்சயம் பார்ப்பீர்கள். அவள் நடிக்கவில்லை. வலிப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, பத்து நிமிடம் கழித்துத் தனியாகப் பேசுங்கள். வீட்டில் என்ன நடக்கிறது என்று அப்போது வரும்.

பைபோலாருக்கு லித்தியம் சாப்பிடுகிறவர் கோடையில் வாந்தி பேதியோடும் கை நடுக்கத்தோடும் வந்தால், அல்லது மூட்டு வலிக்கு யாரோ ஐபுப்ரோஃபன் எழுதியிருந்தால், ரத்தத்தில் லித்தியம் அளவு பாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிமோலைத் தாண்டினால் விஷம்.

'இதெல்லாம் ஸ்பெஷலிஸ்ட் வேலைதானே' என்று தோன்றலாம். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநோய் இருந்தது. நோய்க்கு நோய் வேறுபட்டாலும், அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை. எங்களிடம் வந்து சேராத அவர்கள் உங்கள் வரிசையில் வயிற்று வலி என்று நிற்கிறார்கள். அனுப்ப இடமில்லாத ஊரில் இருந்தால் 14416, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண், சீட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். தமிழில் பேசுவார்கள்.

நீட் பிஜி பற்றிக் கேட்டீர்களே. முதல் வாரம் முழுக்க புறநோயாளிகள் பிரிவில், கேஸ் எடுக்கும் பிஜி மாணவர் பக்கத்தில் உட்காருங்கள். நோயாளி சொல்லும் சொற்களை அப்படியே ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். இரண்டாம் வாரம் நீங்களே பத்துப் பேரிடம் சாவைப் பற்றிய அந்தக் கேள்வியைக் கேளுங்கள். முதல் மூன்று பேரிடம் நாக்கு குழறும், பிறகு வந்துவிடும். அதற்கப்புறம் மத்தியானங்களில் நூலகத்துக்குப் போனால் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.