நாலு நாளில் முற்றுகிற நோய் இல்லை இது

மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு 72 வயது. மூன்று மாதம் முன்பு அல்சைமர் என்கிற மறதி நோய் என்றார்கள். அதற்கு டோனெபெசில் மாத்திரை 5 மி.கி. சாப்பிடுகிறார். மழையில் சளி பிடித்ததால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். நாலு நாளாகப் பகலெல்லாம் தூங்கி வழிகிறார். ராத்திரி, கொல்லையில் யாரோ நிற்பதாகக் கத்துகிறார். இணையத்தில் பார்த்தால் கடைசிக் கட்டம் என்கிறது. வல்லாரை கொடுக்கலாமா? எனக்கும் வருமா? வயலுக்கு விடாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டுமா?

பதில்: கடைசிக் கட்டமெல்லாம் இல்லை. அல்சைமர் வருடக்கணக்கில் மெல்ல இறங்கும். நாலே நாளில் ஆள் மாறினால் அது வேறு: டெலிரியம் என்கிற திடீர்க் குழப்பம். காரணத்தைப் பிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். விட்டால் உயிருக்கே ஆபத்து. திருவாரூரோ தஞ்சாவூரோ, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இன்றே கிளம்புங்கள்.

சளி மாத்திரையை உடனே நிறுத்துங்கள். அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். இவற்றில் பலவற்றில் குளோர்பெனிரமின் என்கிற, மூக்கொழுகலை நிறுத்தும் மருந்து இருக்கும். மூளையில் ஞாபகத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்கிற ரசாயனம் குறையாமலிருக்கத்தான் டோனெபெசில் தருகிறோம். குளோர்பெனிரமின் அந்த ரசாயனத்தின் வேலையையே தடுக்கும். மதகைத் திறந்துவிட்டு வாய்க்காலை அடைக்கிற கதை. இந்த மாத்திரையால் மலம் கட்டும், புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீரும் அடைத்துக்கொள்ளும்; இரண்டுமே குழப்பத்தைக் கூட்டும். அடிவயிறு உப்பியிருக்கிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்று பார்த்து வையுங்கள். சிறுநீர்த் தொற்று, சர்க்கரை, சோடியம் சோதிப்பார்கள். இரண்டு மாதத்துக்குள் எங்காவது வழுக்கி விழுந்திருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். தலை ஸ்கேன் தேவைப்படும். ராத்திரி கத்துகிறாரே என்று தூக்க மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். மெடிக்கலில் கேட்டு வாங்குகிற பழக்கம் அப்பா விஷயத்தில் இன்றோடு போகட்டும்.

வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடட்டும். போன ஞாபகத்தை அது திருப்பித் தராது. இந்த வயதில் வரும் அல்சைமர் அப்படியே பிள்ளைக்கு இறங்குவது அபூர்வம். உங்கள் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தெளிந்த பிறகு அவரைப் பூட்டி வைக்காதீர்கள். பழகின வரப்பில் நடப்பதும் களை பார்ப்பதும் பேரன் பெயர் மறந்த பிறகும் நெடுநாள் கூட வரும். வெயில் ஏறுமுன் ஒருவர் துணையோடு போய் வரட்டும். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் தனியாக ஒரு நடைகூட விடாதீர்கள். கொல்லைக் கதவுக்குத் தலைக்கு மேலே இன்னொரு தாழ்ப்பாள் போடுங்கள். கை பழைய இடத்தில்தான் தேடும். சட்டைப்பையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும், டீக்கடையிலும் சொல்லி வையுங்கள். சாயங்காலம் இருட்டுமுன்பே விளக்கைப் போட்டுவிட்டால் நிழல் ஆளாகத் தெரிவது குறையும். நிலம், வங்கிக் கணக்கு விஷயங்களைத் தள்ளிப்போடாமல், அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலையில் அவரிடமே கேட்டு எழுதி முடியுங்கள்.